போகிறவர்களைப் பார்த்துக் குரைத்த நாய்

எங்கள் வீட்டு நாய் வருகிறவர்களைப் பார்த்துக் குரைத்ததே இல்லை. கூரியர்காரர், சிலிண்டர் கொண்டுவருகிறவர், மின்சார மீட்டர் பார்க்கிறவர், தேங்காய் வெட்ட வருகிறவர், யார் கேட்டைத் திறந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிப்போய் வரவேற்கும். வந்தவர் வேலையை முடித்துக்கொண்டு திரும்பி நடக்கத் தொடங்கும்போதுதான் தகராறு. கேட்டுக்குக் குறுக்கே போய் நின்று, கழுத்தைத் தூக்கி, தெரு முழுக்கக் கேட்கிறாற்போல் குரைக்கும். கடிக்காது. போக விடாது, அவ்வளவுதான். போனவர் தெருமுனை திரும்பி மறைந்த பிறகும், அவர் போனது சரியில்லை என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருக்கும்.

"இது என்ன காவலு? கள்ளன் வந்தா உள்ள கூட்டிட்டுப் போயி பீரோவைக் காட்டிக் குடுக்கும். அவன் வெளிய போகத்தான் படாத பாடு படணும்" என்றார் என் கணவர்.

அவருக்கு ஆரியசாலைக் கடைத்தெருவில் மல்லி, வத்தல் மொத்த வியாபாரம். என் மாமனார் நாகர்கோவில் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து தொடங்கிய கடை. நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. குழந்தைகள் இல்லாத வீடு. கரமனை ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னத் தெருவில், எங்கள் சத்தம் எங்களுக்கே கேட்காமல் இருந்துகொண்டிருந்தோம். நாய் என் தங்கையினுடையது. அவள் கணவருக்கு வளைகுடாவில் வேலை கிடைத்து, குடும்பமாகக் கிளம்பியபோது, "ரெண்டே மாசம், வீடு பாத்ததும் கூட்டிக்கிடுவேன்" என்று விட்டுப் போனாள். அங்கே வீடு பார்த்தாகிவிட்டது. பால்கனியில் செடியெல்லாம் வைத்திருக்கிறாள். நாயைப் பற்றிக் கேட்டால் வீடியோவில் அதற்கு முத்தம் கொடுத்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறாள்.

அவள் அதற்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. அதே பெயரில் பக்கத்து வீட்டில் ஒரு மனிதர் இருக்கிறார். ஓய்வுபெற்ற அரசு அதிகாரி, குடியிருப்போர் சங்கச் செயலாளர், மரியாதைப்பட்டவர். அவர் காதில் விழும்படி அந்தப் பெயரைச் சொல்லி, "டேய், வாய மூடு" என்று எப்படி அதட்டுவது? அதனால் பெயரை விட்டுவிட்டு 'பயலே' என்று கூப்பிடப் பழகினோம். பெயர் மாறியதில் பயலுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்தக் குரைப்பால் முதலில் சிக்கியது என் கணவரின் அக்கா, என் மைனி. நாகர்கோவிலிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், மறுநாள் மத்தியான ரயிலுக்குக் கிளம்பினார். எங்கள் ஆட்கள் விடைபெறுவது வாசலில் தொடங்கி, கேட்டில் ஒருமுறை நின்று, தெருவில் இன்னொரு முறை நின்று முடிகிற காரியம். வாசலிலேயே பயல் ஆரம்பித்துவிட்டான். அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் வாயை மூடி அவர் காலடியில் படுத்துக்கொள்வான். எழுந்தால் மறுபடி குரைப்பான். இப்படிப் போவதும் வருவதுமாக இருந்ததில் ரயில் போய்விட்டது.

எனக்குச் சங்கடமாக இருந்தது. மைனிக்கோ கண் கலங்கிவிட்டது.

"நான் போறதுல ஒரு வாயில்லா சீவனுக்கு இவ்வளவு வருத்தமா? எம் வீட்டுல நான் கிளம்புகேன்னு சொன்னா ஆட்டோவைக் கூப்பிட்டு நிறுத்திருவாளுக" என்றார். தன் மருமகளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை வைத்து, நாய் குரைப்பதைக் கேட்க வைத்தார். பிறகு ஒரு வாரம் தங்கினார். ஒவ்வொரு நாளும் காலையில் பையை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போய், அது குரைக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். கடைசியில் பயல் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து நாங்கள்தான் அவரை ஆட்டோவில் ஏற்றினோம். அதில் அவருக்கு எங்கள்மேல் இன்னும் மனத்தாங்கல்.

அந்த வாரத்துச் சத்தம் தெருவால் தாங்க முடியாததாக இருந்திருக்க வேண்டும். செயலாளர் நேரில் வந்தார். அவர் எங்களிடம் பேசும்போது தமிழ் பேசுவதாக நினைத்துக்கொள்வார். நாங்கள் அவரிடம் மலையாளம் பேசுவதாக நினைத்துக்கொள்வோம். நடுவில் எங்கேயோ சந்தித்துக்கொள்வோம்.

"எனக்குப் பிராணிகளோட ஒரு விரோதமும் இல்ல, கேட்டோ" என்று தொடங்கினார். "பக்ஷே, சங்கத்துல பராதி வந்திருக்கு. வைஃபுக்கு மத்தியானம் ஊண் கழிஞ்சா கொஞ்சம் உறக்கம் வேணும். அது போச்சு. எந்தெங்கிலும் செய்யணும், ஏதாவது செய்யணும்."

அவர் புகார் சொல்லிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் பயல் அவருடைய பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். செயலாளருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "இந்த நாய்தானே?" என்று கேட்டார். "இது பாவமாக்கும்" என்று அதன் தலையைத் தடவிக்கொடுத்தார். காப்பி குடித்தார். பிறகு, "அப்போ ஞான் இறங்கட்டே" என்று எழுந்தார்.

பயல் ஒரே தாவலில் வாசலை அடைத்துக்கொண்டான். கண்ணாடி அலமாரியில் டம்ளர்கள் அதிரும்படி அவன் குரைத்த குரைப்பில் செயலாளர் மறுபடி உட்கார்ந்தார். சத்தம் நின்றது. எழுந்தார். குரைத்தான். உட்கார்ந்தார். நின்றது.

"மனசிலாயி" என்றார் செயலாளர்.

இன்னொரு காப்பி கொடுத்தேன். அப்புறம் சமையலறை வழியாகக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே கிணற்றைச் சுற்றிக்கொண்டு பயல் எங்களுக்கு முன்பே வந்து நின்றான். கடைசியில் என் கணவர் ஒரு ஸ்டூலைப் பக்கத்து மதிலோரம் போட, மறுபக்கத்திலிருந்து அவர் மனைவி கையைப் பிடிக்க, சங்கச் செயலாளர் மதில் ஏறித் தன் வீட்டுக்குப் போனார். மதிலின் உச்சியில் இருந்தபோது வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "எந்தெங்கிலும் செய்யணும்" என்று மறுபடியும் சொன்னார்.

என்னென்னவோ செய்து பார்த்தோம். அதட்டினோம். நாங்களும் சேர்ந்து குரைக்கிறோம் என்று எடுத்துக்கொண்டு அவனுக்கு உற்சாகம் கூடியது. யாராவது கிளம்பும்போது பிஸ்கட் கொடுத்துத் திசைதிருப்பினோம். குரைத்தால் பிஸ்கட் வரும் என்று புரிந்துகொண்டு, யாரும் கிளம்பாத நேரத்திலும் ஒரு தரம் குரைத்துப் பார்த்தான். கேட்டைப் பார்க்க முடியாதபடி வராந்தாவில் படுதா கட்டினோம். படுதாவைக் கிழித்து மூக்கை நீட்ட ஒரு ஓட்டை செய்துகொண்டான். ஆபீஸ் மீட்டிங்குக்காக நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்க, முடிவில் எல்லோரும் "ஓகே, பை" என்று சொன்னதும் அதற்கும் குரைத்தான். ஆடிட்டர், "அந்த நாய்க்கு என்ன ஆட்சேபணை?" என்று ஒருநாள் கேட்டார்.

கடைசியில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். இளவயதுப் பெண். நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு, "உங்க தங்கச்சி போன அன்னிக்கு இவன் பாத்திட்டு இருந்தானா?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். பெரிய பெரிய பெட்டிகள், டாக்ஸி, கட்டிப்பிடித்து அழுகை, "போயிட்டு வாறேன், போயிட்டு வாறேன்" என்று எல்லோரும் மாற்றி மாற்றிச் சொன்னது. பயல் கேட் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு அவன் குரைக்கவில்லை என்று சொன்னேன்.

"அதான். அன்னிக்குப் போக விட்டுட்டான். இப்ப யாரையும் விடமாட்டேங்கறான்" என்றார் டாக்டர். "ஆளுங்க போறது ஒரு சாதாரண காரியம்னு இவனுக்கு மனசிலாகணும். போவாங்க, திரும்பி வருவாங்க. அத்றயே உள்ளு, அவ்வளவுதான். அதுக்குப் போயிப் போயித்தான் காட்டணும்."

அவர் சொன்ன பயிற்சி இதுதான். சாவியை எடுத்துவிட்டுப் போகாமல் உட்கார வேண்டும். செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். இதற்கெல்லாம் அவன் பதறாமல் இருக்கப் பழகியதும், கேட்டுக்கு வெளியே போய் உடனே திரும்ப வேண்டும். பிறகு நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். குரைக்காமல் இருந்தால் போனவர் வந்து அவனுக்குத் தின்ன ஏதாவது கொடுக்கலாம். போகும்போது அன்பு, வருத்தம், கொஞ்சல் ஒன்றும் கூடாது. வழியனுப்புகிறவர் முகத்தில் ஒன்றுமே இருக்கக் கூடாது. வந்த பிறகும் ஆர்ப்பாட்டம் கூடாது. பெட்டிதான் அவனுக்கு ரொம்பக் கஷ்டம் என்பதால் கடைசியில் பெட்டியோடு.

என் கணவர் கடைக்குப் போவதற்கு முன்பும், வந்த பிறகும் இதற்கென்று நேரம் ஒதுக்கினார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பேப்பர் படித்தார். செருப்புக் காலோடு சோபாவில் உட்கார்ந்து செய்தி பார்த்தார். தின்னக் கொடுப்பதற்குத் தேங்காய்ப் பத்தை என்று முடிவாயிற்று. அதற்காக அவன் எதையும் செய்வான். நாளாக நாளாக அவர் கேட்டைத் தாண்டத் தொடங்கினார்.

"போயிட்டு வாறேன்" என்பார், தெருவுக்கே கேட்கும்படி. குரல் பழக வேண்டும் அல்லவா?

"சரி" என்பேன், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு.

அவர் போய் மின்கம்பத்தடியில் நிற்பார். வாட்சைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். நான் ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவேன். சற்றுக் கழித்து மறுபடியும் "போயிட்டு வாறேன்." மறுபடியும் "சரி." பெட்டி நிலைக்கு வந்தபோது மழைக்காலம். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் குடையோடு அவர் மின்கம்பத்தடியில் நிற்பதையும், நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, 'இன்னும் நேரம் ஆகவில்லை' என்று கையைக் காட்டுவதையும் தெரு பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் தெருவைப் பார்க்கவில்லை. நாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் செய்தி ஆரியசாலையிலிருந்து வந்தது. பக்கத்துக் கடை வெல்ல வியாபாரி ஒருநாள் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, எம் குடோனுக்கு மேல ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. ஃபேன் உண்டு. நீங்க மழையில நிக்காண்டாம்" என்று சாவியை நீட்டியிருக்கிறார். இவர் அதை எதற்கு என்று புரியாமல், "சரக்கு வைக்கவா?" என்று கேட்டிருக்கிறார். "நீங்க எதுக்கு வேணும்னாலும் வச்சுக்கிடுங்க" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். வீட்டுக்கு வந்து சொன்னபோது, நல்ல மனுஷன் என்று இரண்டு பேரும் வியந்துகொண்டோமே தவிர, ஒன்றும் விளங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செயலாளரும் அவர் மனைவியும் நேந்திரங்காய் வறுவலோடு வந்தார்கள். என் கணவர் அப்போது பெட்டியோடு தெருமுனையில் இருந்தார். வழியில் அவரைப் பார்த்து, "வாங்க, உள்ள போய் சம்சாரிக்காம், பேசிக்கலாம்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். "நீங்க போங்க. நான் இப்ப வரக்கூடாது. வந்தா அவளுக்குக் கோபம் வரும்" என்றிருக்கிறார் இவர்.

பயல் அவர்களை வரவேற்று உட்கார வைத்துவிட்டு, டீப்பாய்க்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். செயலாளரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மோளே, தப்பா எடுக்காதே. இது எல்லா வீட்டிலயும் உள்ளதுதான்."

"உங்களுக்குத்தான் ரொம்பத் தொந்தரவு சேச்சி" என்றேன். "சத்தம் தாங்க முடியாமப் போச்சு. அதான் டாக்டர்கிட்ட கொண்டு காட்டினோம்."

"டாக்டர்ட்டயா? கொள்ளாம். டாக்டர் என்ன சொன்னாரு?" என்றார் செயலாளர்.

"உள்ளுக்குள்ள பயமாம். எல்லாரும் விட்டுட்டுப் போயிருவாங்களோன்னு. பழக்கினா மாறும்னாங்க. சத்தம் போடாம இருந்தா ஒரு துண்டு தேங்கா. சத்தம் போட்டா மொகத்தைப் பாக்கக்கூடாது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தேங்காயா?" என்றார் செயலாளர்.

"இட்லியும் குடுக்கலாம். ஆனா வயிறு நெறஞ்சுட்டா சொன்னபடி கேக்கமாட்டான்."

"மாட்டான்னா சொன்னா?" என்று சேச்சி தன் கணவரிடம் மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது. ஏன் கேட்கிறார் என்று நினைத்தேனே தவிர மேலே யோசிக்கவில்லை.

"வீட்டுல உள்ள ஆணுக்கு இது ஒரு மானக்கேடு இல்லையா மோளே?" என்றார் சேச்சி.

"ஆணுங்கிறதாலதான் இவ்வளவும். ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணினா கொஞ்சம் அடங்கிருவான்னு டாக்டர் சொன்னாங்க. எனக்குச் சம்மதம்தான். எங்க வீட்டுல அவங்கதான் பாவம் வேண்டாம்னு சொல்லுகாங்க."

செயலாளர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த நேரத்தில் கேட் திறந்தது. என் கணவர் பெட்டியோடு உள்ளே வந்தார். டாக்டர் சொன்னபடி யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெட்டியை மூலையில் வைத்தார். செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சத்தம் உண்டா?" என்று கேட்டார்.

"இல்ல" என்று சொல்லி, தட்டிலிருந்து ஒரு தேங்காய்த் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் பவ்வியமாக வாங்கிக்கொண்டார்.

"என்றெ பகவானே" என்றார் சேச்சி.

என் கணவர் குனிந்து டீப்பாய்க்கு அடியில் தேங்காயை நீட்டினார். கறுக் முறுக்கென்று கடிக்கிற சத்தம் கேட்டது. செயலாளர் கீழே குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார்.

விஷயம் புரிந்ததும் முதலில் சிரித்தது சேச்சிதான். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, மூச்சு முட்டும் வரை சிரித்தார். எனக்கு ஒவ்வொரு வாக்கியமாக நினைவுக்கு வர வர, ஆபரேஷன் என்ற இடம் வந்ததும் நான் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன். என் கணவர் மட்டும் கடைசி வரை, "என்னத்துக்குச் சிரிக்கிய? எனக்கும் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வெல்ல வியாபாரியின் சாவி எதற்கு என்று அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. மறுநாள் கடைக்குப் போகவே கூச்சப்பட்டார்.

செயலாளருக்கு ஒரு காரியம் கையில் கிடைத்தால் அதைச் சங்கத்தின் காரியமாக்கிவிடுவார். வீட்டுக்காரர் ஒருத்தர் போனால் மட்டும் போதாது, பலவகை ஆட்கள் போய்க் காட்ட வேண்டும் என்று சொல்லி, வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். சாயங்காலங்களில் தெருவில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக எங்கள் வீட்டிலிருந்து போவதற்காக வந்தார்கள். போவதற்கு முன் கொஞ்சம் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் காப்பி. காப்பி குடித்தால் பேச்சு. பல வருஷமாகக் கேட்டுக்கு வெளியே தலையாட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எங்கள் வராந்தாவில் உட்கார்ந்து மழையையும் மகன் வேலையையும் பற்றிப் பேசினார்கள். முதலில் ஒழுங்காக எழுந்து, "அப்ப வரட்டே" என்று சொல்லிவிட்டுப் போய்த் திரும்பி வந்தார்கள். பிறகு போவது குறைந்து வருவது மட்டும் கூடியது. ஒருநாள் செயலாளர் எழுந்து கேட் வரை போனபோது, சீட்டு ஆட்டத்தின் நடுவில் போகிறாரே என்று குரைக்காத குறையாகச் சத்தம் போட்டவர் என் கணவர்தான். பயல் தூங்கிக்கொண்டிருந்தான்.

அப்படித்தான் அது நின்றது. எந்த நாளில் நின்றது என்று சொல்லத் தெரியவில்லை. சேச்சி மத்தியானம் தூங்கத் தொடங்கினார். என் ஆபீஸ் மீட்டிங்குகள் சத்தமில்லாமல் முடிந்தன. கூரியர்காரர் போகும்போது ஒருமுறை நின்று, "இவனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு ஒரு காலையில் என் கணவர் வத்தல் கொள்முதலுக்காக விருதுநகருக்குக் கிளம்பினார். நிஜமாகவே பெட்டியில் துணி வைத்துக் கிளம்புவது வெகுநாளைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. "போயிட்டு வாறேன்" என்றார்.

"சரி" என்றேன். கை வேலையாக இருந்தேன். முகம் பழக்கத்தில் கல்லாகவே இருந்திருக்க வேண்டும்.

பயல் வராந்தாவில் படுத்திருந்தான். ஒரு கண்ணைத் திறந்து பெட்டியைப் பார்த்தான். வாலை ஒருமுறை தரையில் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். இவர் கேட் வரை போய் நின்றார். குனிந்து செருப்பைச் சரிசெய்தார். கேட்டைக் கொஞ்சம் சத்தமாகத் திறந்தார். அப்புறம் திரும்பி வந்துவிட்டார்.

"இன்னிக்கு நான் நெசமாத்தான் போறேன்" என்றார்.

"தெரியுமே. பஸ்ஸுக்கு நேரமாகல்லியா?"

"ஆமா, ஆச்சு." கொஞ்சம் நின்றார். "வர மூணு நாலு நாளாகும்."

"சரி."

நாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நடந்தார். மின்கம்பத்தடியில் பழக்கதோஷத்தில் ஒரு கணம் நின்று வாட்சைப் பார்த்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்து சேர்வதற்குள் தெருமுனையைத் திரும்பிவிட்டார்.

மத்தியானம் பஸ்ஸிலிருந்து போன் செய்தார். சாப்பிட்டாயா, சிலிண்டர் வந்ததா, மழை உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "நான் போன பெறகு பயல் ஒண்ணும் கொரைக்கல்லியா?" என்றார்.

பயல் அப்போது மல்லாந்து படுத்து நாலு காலையும் ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"கொரைச்சான்" என்றேன். "நீங்க தெரு திரும்பினதும் கேட் பக்கத்துல போயி நின்னுட்டு, ஒரே ஒரு தடவ."

"அப்படியா?" என்றார். "பாவம். திட்டாத."

அடுத்த சீட்டில் இருப்பவரிடம் அவர் அதைச் சொல்லத் தொடங்குவது போனில் எனக்குக் கேட்டது. வைத்துவிட்டேன்.